நானூற்றுப் பன்னிரண்டு அப்பாக்கள்

ப்ரியம்வதா மூன்று நாட்களாக வீட்டில் யாரோடும் சண்டை போடவில்லை. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் நாம் அவளை விட்டுவந்தபோது, அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல், காதில் ஃபோனோடு நின்று, "இந்தோனேஷியா தயார்" என்று டென்மார்க்குக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால் வழிந்து மேடையெல்லாம் ஓடியது. துணியை எடுத்து வந்து துடைத்தவள் நாத்தனார் சௌம்யா.

ப்ரியம்வதாவின் உத்தியோகம் அப்படி. டென்மார்க்கில் தலைமையகம் வைத்திருக்கும் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் பதினோரு நாடுகளில் தொழிற்சாலைகள். ஆள் கணக்கு, சரக்கு, வருகைப் பதிவு எல்லாம் எல்லா நாட்டிலும் ஒரே மென்பொருளில் ஓடவேண்டும் என்பது முதலாளிகளின் ஆசை. ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு அதை நாடு நாடாக இறக்கி வைப்பது ப்ரியம்வதாவின் தலையெழுத்து. போலந்து முடிந்தது, கென்யா முடிந்தது. ஒவ்வொன்றும் ஒரு கல்யாணம்தான். ஆறு மாதம் ஓடியாடிச் செய்தாலும், முகூர்த்தத்தன்று அப்பளம் நமத்துப்போச்சு என்று யாராவது ஒரு சம்பந்தி முறைத்துக்கொண்டு நிற்பார்.

இந்தோனேஷியக் கல்யாணம் சனி, ஞாயிறில் நடந்து முடிந்திருந்தது. இன்று திங்கள். காலை ஐந்தரை மணிக்கு ஃபோன் அடித்தது.

சுரபாயா தொழிற்சாலையின் ஆள்நிர்வாகி ரத்னா. அங்கே மணி ஏழு, முதல் ஷிஃப்ட் உள்ளே நுழைகிற நேரம். இருவரும் பேசிக்கொள்வது இங்கிலீஷில்தான். நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

"ப்ரியா, எங்க ஆட்களுக்கெல்லாம் புதுப் பேர் வெச்சது யாரு?"

ப்ரியம்வதாவுக்குப் பாதித் தூக்கம் கலைந்தது. "என்ன பேரு?"

"கேட்ல விரல் வெச்சா மெஷின்ல அவங்க பேர் வரணும் இல்லையா? பேரோட சேர்ந்து அவங்கவங்க அப்பா பேரும் வருது. நானூத்திப் பன்னெண்டு பேருக்கு. இங்க பாதி ஜனத்துக்கு ஒத்தைப் பேருதான் ப்ரியா. வாகினின்னா வாகினி. முன்னாடியும் ஒண்ணும் இல்ல, பின்னாடியும் ஒண்ணும் இல்ல. அடையாள அட்டையில அப்படித்தான் இருக்கு."

மீதித் தூக்கமும் கலைந்தது. டென்மார்க் கொடுத்த படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் மென்பொருள் ஒரு ஆளையும் உள்ளே விடாது. எந்த நாட்டுக்காகவும் அதில் ஒரு கட்டத்தைக்கூட மாற்றக்கூடாது என்பது கட்டளை. யாரோ அந்த நானூற்றுப் பன்னிரண்டு கட்டங்களையும் அப்பா பெயரால் நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

யார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. பாஸ்போர்ட் படிவத்தில், பரீட்சைப் படிவத்தில், பாங்க் படிவத்தில் எங்கே இரண்டாவது பெயர் கேட்டாலும், யோசிக்காமல் அப்பா பெயரை எழுதுகிற ஜாதி உலகத்தில் ஒன்றுதான். அந்த ஜாதியில் ஒருத்தி, அதுவும் ப்ரியம்வதாவின் டீமிலேயே வேலை பார்ப்பவள், இந்த வீட்டுச் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சௌம்யா, சுரபாயாவுக்கு அப்பா பேர் போட்டது நீதானே?"

கத்தி நின்றது. "ஆமா அண்ணி. அவங்க குடும்ப அட்டையில இருந்து எடுத்தேன். நம்ம ரேஷன் கார்டு மாதிரி, எல்லாருக்கும் அப்பா பேர் இருந்துச்சு. ஏன்?"

"யாரைக் கேட்டுப் போட்ட?"

சௌம்யா கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். கோபமில்லாமல், சண்டைக்கு வராமல், மெதுவாக மேலே தள்ளித் தள்ளிப் போய் ஒரு இடத்தில் நிறுத்திக் காட்டினாள்.

வீட்டு வாட்ஸப் குரூப். மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம். "தண்ணி கேன் சொல்லிட்டேன்." அதற்குக் கீழே, "அண்ணி, 412 பேருக்கு குடும்பப் பேர் இல்ல, அப்பா பேர் போட்டுடட்டா?" அதற்குக் கீழே, "தோசை மாவு தீந்துடுச்சு." மூன்றுக்கும் ப்ரியம்வதா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தாள். வரிசையாக மூன்று கட்டைவிரல்.

படிக்கவில்லை. அன்றைக்கு எட்டு நாட்டு மீட்டிங் முடித்துவிட்டு மெட்ரோவில் நின்றுகொண்டே தூங்கிய நாள். வீட்டு குரூப்தானே, மாவும் தண்ணியும்தானே இருக்கும் என்று விரலை அமுக்கிக்கொண்டே போயிருக்கிறாள்.

"ஆபீஸ் விஷயத்தை ஆபீஸ் மெயில்ல கேக்கறதில்லையா?"

"கேட்டேன். ரெண்டு தடவை. நீங்க பதில் போடல. வீட்டு குரூப்னா உடனே பாக்கறீங்க."

அதுவும் உண்மை.

அடுத்த அறையிலிருந்து மகள் வேதா பள்ளிச் சீருடையில் வந்தாள். "அம்மா, உப்மா நக்கோ. கேன்டீன்லோ திண்டானு," உப்மா வேண்டாம், கேன்டீனில் தின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்த வேகத்தில் போய்விட்டாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில், தெலுங்கில் கேட்டால் வாயே திறப்பதில்லை. இன்றைக்கு யாரும் அவளைத் தடுக்கவில்லை.

---

விஷயம் வெறும் பெயர்த் தகராறாக இருந்திருந்தால் நாலு பேரிடம் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

சௌம்யா, ப்ரியம்வதாவின் கணவன் சுதர்சனின் தங்கை. ஐந்து மாதங்களுக்கு முன் புருஷன் கிருஷ்ணகுமாரையும் பெங்களூரையும் விட்டுவிட்டு, இரண்டு பெட்டிகளோடு நாச்சாரம் ஃபிளாட்டில் வந்து இறங்கியவள். "ஏழு வருஷம் வீட்ல உக்காந்தவளுக்கு எவன் வேலை குடுப்பான்? ஆறு மாசத்துல நீயே வருவ பாரு," என்று வழியனுப்பியிருந்தான் அந்த மகானுபாவன்.

அந்தக் கோபத்தில் ப்ரியம்வதா தன் டீமிலேயே அவளுக்கு ஆறு மாத ஒப்பந்த வேலை வாங்கிக் கொடுத்தாள். சேர்க்கும் படிவத்தில், "கம்பெனியில் உறவினர் உண்டா?" என்று ஒரு கேள்வி. உண்டு என்றால் அதே டீமில் போட மாட்டார்கள். இருவருமே "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர்கள் புளுகு ஐந்து மாதம் தாக்குப்பிடித்திருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்ததும் கிடைக்கப்போகிற அனுபவச் சான்றிதழ்தான் சௌம்யாவின் குறி. ஏழு வருஷ ஓட்டையை அடைக்க அந்த ஒரு காகிதம் போதும், எங்கேயாவது ஏறிக்கொள்வேன் என்று அவள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுதர்சன் ஸ்கூட்டர் சாவியோடு வாசலில் நின்றான். அவன் வேலை செய்வது பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில். கேட்டிலேயே ஃபோனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். சாயங்காலம் ஐந்தரை மணி வரை வீடே தீப்பற்றினாலும் அவனுக்குத் தெரியாது. அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் காலையிலேயே சொல்லிவிட்டுப் போகிற பழக்கம்.

"ப்ரியா, யாரு பண்ணினதுன்னு கேப்பாங்க. நீ பெரிய இடத்துல இருக்க, தாங்கிக்குவ. அவளை மட்டும் விட்டுக்கொடுத்துடாதே."

"சரிங்க."

"சரின்னா?"

"சரின்னா சரிதாங்க. கிளம்புங்க."

---

ஹப்சிகூடாவில் மெட்ரோ ஏறினால் ராய்துர்க் போய்ச் சேர ஒரு மணி நேரம். பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது. பரேட் கிரவுண்ட் வந்தது.

"அண்ணி, நான்தான் போட்டேன்னு சொல்லிடறேன்," என்றாள் சௌம்யா.

"நான் விரல் காட்டியிருக்கேனே."

"அது வீட்டு குரூப்ல இருக்கு. அதை வெளிய எடுத்தா நாம யாருன்னும் வெளிய வந்துடும். பொய்க் கையெழுத்துன்னு போட்டு லெட்டர் தராம அனுப்பிடுவாங்க. தப்புப் பண்ணினதுக்கு அனுப்பினா, லெட்டராவது கையில இருக்கும். அஞ்சு மாசம் வேலை பாத்தான்னு எழுதித்தானே ஆகணும்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அண்ணன் விட்டுக்கொடுக்காதே என்கிறான், தங்கை விட்டுக்கொடுத்துவிடு என்கிறாள். நடுவில் இருதலைக் கொள்ளி எறும்பாக ப்ரியம்வதா.

"அந்தக் குடும்ப அட்டையில புருஷன் பேர் கட்டமும் இருந்துச்சா?" என்று கேட்டாள், வேறு ஏதோ பேசவேண்டும் என்பதற்காக.

"இருந்துச்சு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு." சௌம்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் இன்னமும் சௌம்யா கிருஷ்ணகுமார்தான். "நான் எதைப் போடுவேன், சொல்லுங்க."

அமீர்பேட்டில் கூட்டம் ஏறியது. பிறகு பேச முடியவில்லை.

---

பத்து மணிக்கு ரத்னா மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து.

ஷிஃப்ட்டுக்கு வந்த வாகினி கேட் பக்கத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். குடல்வால் வீக்கம். புது மென்பொருளிலிருந்து கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டையில் ஒரு பெயர், அவள் அடையாள அட்டையில் வேறு பெயர். இது இவள் அட்டை இல்லை என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ரத்னா போய் ஒன்றரை மணி நேரம் மேஜை முன்னால் நின்று, இவள் இவள்தான் என்று எழுதிக் கொடுத்த பிறகு உள்ளே எடுத்திருக்கிறார்கள்.

"இப்ப பரவாயில்ல. ஆபரேஷனுக்குக் கொண்டுபோறாங்க. ஒன்றரை மணி நேரம் ப்ரியா. அந்தப் பொண்ணு பெஞ்ச்சுல சுருண்டு கிடந்தா."

ப்ரியம்வதா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கட்டைவிரல். மெட்ரோவில் நின்றபடி அமுக்கிய ஒரு கட்டைவிரல்.

"மத்தவங்க?"

"கத்தறாங்க. பொனிராவோட அப்பன் அவ கைக்குழந்தையா இருக்கறப்பவே ஓடிப்போனவன். அந்த ஆள் பேரு எதுக்கு என் தலைமேலன்னு மெஷினையே அடிச்சுட்டா. சுபார்மி மட்டும் அழிக்க வேண்டாம்னு சொல்றா. அவங்க அப்பா போன வருஷம்தான் இறந்தாரு."

குடும்பப் பெயர் கட்டத்திலும் அவரவர் பெயரையே இன்னொரு தரம் போட்டுவிடுங்கள் என்று ரத்னாவே வழி சொன்னாள். வாகினி வாகினி. பொனிரா பொனிரா. அந்த ஊரில் படிவங்களோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள் கண்டுபிடித்து, ஆஸ்பத்திரிகளும் ஏற்றுக்கொண்ட உபாயம். மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

சௌம்யாவும் டீமில் இருக்கும் ஹர்ஷாவும் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் ஒவ்வொரு பெயராக மாற்றினார்கள். காப்பீட்டு அட்டைகளை முதலில் முடித்தார்கள். ஒன்றரை மணிக்குள் முந்நூறு தாண்டியிருந்தது. சுபார்மியின் பெயர் வந்தபோது சௌம்யா ஹர்ஷாவிடம், "இதை அப்படியே விடு," என்றாள்.

"ஹவ்," என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டான் ஹர்ஷா, காரணம் கேட்காமல்.

---

ஒன்றரை மணிக்கு டென்மார்க் அழைப்பில் வந்தது. ஹென்ரிக். கத்துகிற ஆளாக இருந்தாலாவது சமாளித்துவிடலாம். இவர் அன்பாகக் கேட்பார். அதுதான் பயம்.

சுரபாயாவிலிருந்து ரத்னா, ஹைதராபாத்திலிருந்து மூன்று பேர். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்றுதான் ஹென்ரிக் முதலில் கேட்டார். ஆபரேஷன் முடிந்தது, கண் விழித்துவிட்டாள் என்றாள் ரத்னா. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"இது யாருடைய முடிவு?" என்றார் ஹென்ரிக்.

ஹர்ஷா பதிவேட்டைத் திரையில் காட்டினான். போட்டவர் சௌம்யா. ஒப்புதல் கொடுத்தவர் என்ற இடம் காலி.

"என் முடிவுதான்," என்றாள் சௌம்யா. "நான் யாரையும் கேட்கவில்லை."

"நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி," என்றார் ஹென்ரிக். "மனிதத் தவறுதான். இருந்தாலும் ஒருவர் ஆஸ்பத்திரி வரை போனபிறகு நான் சும்மா இருக்க முடியாது. உங்கள் ஒப்பந்தத்தை இந்த வெள்ளிக்கிழமையோடு முடித்துக்கொள்வோம். உழைத்ததற்கான சான்றிதழை முறைப்படி கொடுத்துவிடச் சொல்கிறேன்."

முடிந்துவிட்டது. சௌம்யா கேட்ட காகிதம் கைக்கு வந்த மாதிரிதான். ப்ரியம்வதா செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். அவளும் இருந்தாள், ரத்னா பேசுகிறவரை.

"ஒரு நிமிஷம்," என்றாள் ரத்னா. "நானூத்திப் பன்னெண்டு பேரோட பேரை ஒரு ஒப்பந்தப் பொண்ணு தனியா மாத்திட்டா, மேல இருக்கறவங்க ஒருத்தர்கூடப் பார்க்கலன்னு சொல்றீங்க. இதை நான் போய் வாகினிகிட்ட சொல்லணுமா?"

ப்ரியம்வதாவுக்கு அலுத்துவிட்டது. பதினோரு நாட்டு மணியைத் தலையில் ஓட்டி அலுத்துவிட்டது. யாருக்கு எது தெரியும், யாரிடம் எதைச் சொல்லக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசி அலுத்துவிட்டது. பெஞ்ச்சில் சுருண்டு கிடந்த ஒரு பெண்ணை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் காலையிலிருந்து அந்தப் பெண் இவள் கண் முன்னால்தான் கிடந்தாள். தன் தவறுக்கு இன்னொருத்தி வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டுவதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு உட்கார அவளிடம் தெம்பு இல்லை.

"என்னிடம் கேட்டாள்," என்றாள். "நான் சரி என்றேன்."

சௌம்யா தலையை நிமிர்த்தி, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். ப்ரியம்வதா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"பதிவேட்டில் இல்லையே," என்றார் ஹென்ரிக்.

"வேறு இடத்தில் இருக்கிறது."

ஃபோனைத் திரையோடு இணைத்துக் காட்டினாள். டென்மார்க்கும் சுரபாயாவும் ஹைதராபாத்தும் அந்த வீட்டின் தண்ணி கேனையும் தோசை மாவையும் மூன்று கட்டைவிரல்களையும் பார்த்தன. ஹர்ஷா வாயைத் திறந்தவன் மூடவில்லை.

"இது என்ன குரூப்?" என்று கேட்டார் ஹென்ரிக்.

"எங்கள் வீடு. சௌம்யா என் கணவரின் தங்கை."

ஹென்ரிக், அதே அன்பான குரலில், அப்படியானால் இது தன் கையில் இல்லை என்றார். ஆள்நிர்வாகப் பிரிவு இருவரிடமும் தனித்தனியாகப் பேசும். அதுவரை சான்றிதழ் உட்பட எந்தக் காகிதமும் போகாது. இருவரின் கம்ப்யூட்டர் கணக்குகளையும் இன்று மாலையோடு நிறுத்தி வைப்பார்கள்.

---

ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறவர்கள் நாலே முக்காலுக்கே கிளம்பிவிட்டார்கள். மெட்ரோவில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

பேகம்பேட் தாண்டியபிறகு ப்ரியம்வதாதான் ஆரம்பித்தாள். "என்னால முடியல சௌம்யா. நான் பண்ணின தப்புக்கு உன்னை எப்படி..."

"கேட்டேனா?"

"என்ன?"

"என்னைக் காப்பாத்துங்கன்னு கேட்டேனா அண்ணி? லெட்டர் தரேன்னு அந்த ஆளு வாயால சொல்லியாச்சு. நாலு நாள்ல கையில வாங்கியிருப்பேன். நீங்க உண்மையைச் சொல்லிட்டீங்க. உங்களுக்கு மனசு லேசாயிடுச்சு." சௌம்யா அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களுக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ் இருக்கு. திட்டுவாங்க, வேற டீம்ல போடுவாங்க. எனக்கு இந்த அஞ்சு மாசம்தான் இருந்துச்சு. அதையும் பொய்னு ஆக்கிட்டீங்க."

ப்ரியம்வதாவிடம் பதில் இருந்தது. வாகினி இருந்தாள், ரத்னா கேட்ட கேள்வி இருந்தது, உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கவேண்டும் என்ற நியாயம் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. தின்றது ப்ரியம்வதா, தண்ணீர் குடிக்கப்போவது சௌம்யா. அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"வீட்ல போய் நிதானமாப் பேசலாம்."

"பேசி?"

செகந்திராபாத் ஈஸ்ட்டில் கதவு திறந்தது. சௌம்யா எழுந்தாள். ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் பெட்டியும் மூட்டையுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வழி விட எழுந்திருக்கிறாள் என்று ப்ரியம்வதா நினைத்தாள். கதவு மூடியபோது சௌம்யா வெளியே நின்றிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தோடு படியிறங்கினாள்.

ப்ரியம்வதா மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று முறையும் எடுக்கவில்லை. நான்காவது முறை அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் வந்தது.

வண்டி மெட்டுகூடாவைத் தாண்டும்போது சுதர்சன் அழைத்தான். கேட்டில் ஃபோனை வாங்கிய கையோடு அழைக்கிறான், பின்னால் ஸ்கூட்டர்களின் இரைச்சல்.

"என்னாச்சு ப்ரியா?"

அவள் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். ஹென்ரிக் சொன்னது, ரத்னா கேட்டது, தான் காட்டியது, சௌம்யா சொன்னது.

"எங்கே இறங்கினா?" என்று மட்டும் கேட்டான்.

"செகந்திராபாத் ஈஸ்ட்ல."

காலையில் அத்தனை அழுத்தமாகப் பேசிய மனுஷன், யாரையும் குற்றம் சொல்லத் தெம்பில்லாத குரலில் கேட்டான்.

"பெங்களூர் வண்டி எத்தனை மணிக்கு, ப்ரியா?"